ஜாப் ஒர்க் பிரியாணி

“இன்னும் முந்நூறு ரூபாய்க்கு ஏதாச்சும் எடுத்தீங்கன்னா அரிசி ஃப்ரீங்க சார்” என்றாள் பில் போடும் பெண்.

சகாயராஜ் தன் கூடையைப் பார்த்தான். சீரகச் சம்பா ஐந்து கிலோ, எண்ணெய், நெய், முந்திரி, பட்டை, கிராம்பு எல்லாம் இருந்தன. ஐந்து கிலோ அரிசி எடுத்தால் இன்னொரு ஐந்து கிலோ இலவசம் என்று கடை வாசலில் ஆள் உயரத்துக்குத் தட்டி வைத்திருந்தார்கள். பில் இரண்டாயிரத்தைத் தாண்டினால்தான் அது உண்டு என்பதை மட்டும் தட்டியின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வேண்டியது இரண்டு கிலோ அரிசிதான். ஆனால் சும்மா வருகிற அரிசியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வர அவனுக்கு மனசு வரவில்லை. சகாயராஜிடம் உள்ள கோளாறே அதுதான்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பிக்கவே, ஓடிப்போய்க் கைக்கு எட்டியதை அள்ளிக்கொண்டு வந்தான். பார்த்தால் பினாயில். மூன்று கேன்.

வீட்டில் ரோஸ்மேரி பையைப் பிரித்தாள். ஒவ்வொரு கேனாக எடுத்து மேடையில் வைத்தாள்.

“இதை எப்பப் போடணும்? அரிசியோடயா, தம் போடும்போதா?”

“அது எப்பவும் ஆகும்டி. கெட்டுப்போற சாமானா?”

“சரி. கோழிக்குக் காசு?”

சகாயராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். விருந்துக்கென்று ஒதுக்கிய மூவாயிரத்தில் பெரும்பகுதி அரிசியாகவும் பினாயிலாகவும் மாறியிருந்தது. இனிமேல் காசு என்றால் சனிக்கிழமைச் சம்பளம்தான். கிறிஸ்துமஸோ வியாழக்கிழமை.

“அப்பவே சொன்னேன், ஒரு பக்கெட் பிரியாணி சொல்லிடலாம்னு” என்றாள் ரோஸ்மேரி.

“பக்கெட் பிரியாணியா? அந்தக் காசுல நான் ஊருக்கே சோறு போடுவேன்.”

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

வருகிறவர் சாதாரண விருந்தாளி என்றால் ரோஸ்மேரி இவ்வளவு பேச மாட்டாள். வருவது அவளுடைய அப்பா.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இவர்கள் கல்யாணம் திருப்பூரில்தான் நடந்தது. செலவைக் கட்டுக்குள் வைக்க மாப்பிள்ளை ஒரு யோசனை செய்தான். கம்பெனியில் டீக்கு டோக்கன் கொடுப்பார்கள். அந்த டோக்கனில் ஒரு கட்டு வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்று, டோக்கனுக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று வைத்துவிட்டான். பெண்ணைப் பெற்றவர் இரண்டாவது ஐஸ்கிரீமுக்குக் கையை நீட்டியபோது, “டோக்கன் இருக்கா பெரியவரே?” என்று கேட்டுவிட்டார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் அன்றைக்கே தூத்துக்குடிப் பக்கத்துத் தன் ஊருக்குப் பஸ் ஏறினார். மருமகன் வீட்டுப் படியை இதுவரை மிதிக்கவில்லை. ரோஸ்மேரி ஊருக்குப் போனால் நன்றாகத்தான் பேசுவார். “எங்க வீட்டுக்கு ஒருதடவை வாங்கப்பா” என்றால் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு, “இப்ப வேண்டாம்” என்பார். அவள் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் திரும்பி வருவாள்.

அப்படிப்பட்டவர் போன வாரம் தானாகவே போன் செய்து, “கிறிஸ்துமஸுக்கு நானும் ஒங்கம்மையும் வாறோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். மாதா மனம் இரங்கிவிட்டாள் என்று ரோஸ்மேரி மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு கணவனை உட்கார வைத்துக் கண்டிஷன் போட்டாள். அப்பா போதும் போதும் என்று கையால் மறைக்கும்வரை இலையில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். டோக்கன் என்ற பேச்சே வீட்டில் கேட்கக் கூடாது. எதைப் பார்த்தாலும் விலை கேட்பது அப்பாவின் வழக்கம். கேட்டால் பெரிய விலையாகச் சொல்ல வேண்டும்.

“இந்தத் தடவையும் அவர் கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னா, நானும் கூடவே பஸ் ஏறிடுவேன்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. 

ஆனால் சகாயராஜ் நம்பிக்கை இழக்கிற ஆள் இல்லை. அவனுக்கு ஒரு பனியன் கம்பெனியில் ஃபாலோ-அப் வேலை. திருப்பூரில் எந்தப் பனியனும் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நூலைத் துணியாக ஓட்டுவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம், வெட்டுவது, தைப்பது, பட்டன் வைப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம். இப்படி வேலையை வெளியே பிரித்துக் கொடுப்பதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். எங்கே கூலி குறைவோ அங்கே கொண்டுபோய்ப் போட்டு, முடிந்ததும் அள்ளிக்கொண்டு வருவதுதான் சகாயராஜின் வேலை. பனியனுக்கு ஆகிற வித்தை பிரியாணிக்கு ஆகாதா என்று நினைத்தான்.

முதல் காரியமாக, இலவச அரிசி மூட்டையை விற்றுக் கோழிக்குக் காசு பார்க்கலாம் என்று வீட்டுக்காரம்மா தெய்வாத்தாளிடம் தூக்கிக்கொண்டு போனான். வேலம்பாளையத்தில் இவர்களும் குடியிருந்த, ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் முழுக்க அவருடையவை.

“வாங்க தம்பி. ஏனுங்க, மூட்டையும் கையுமா வர்றீங்க?”

“ஒண்ணுமில்லீங்கம்மா. கிறிஸ்துமஸ் வருது. சீரகச் சம்பா நல்ல அரிசி. உங்களுக்கு…”

விலையைச் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் தெய்வாத்தாள் மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

“அட என்னங்க தம்பி நீங்க! சாப்பிடக் கூப்புடறதுக்கு அரிசியத் தூக்கிட்டு வரோணுமுங்களா? வாயில ஒரு வார்த்தை சொன்னா வர மாட்டமுங்களா? எங்கூட்டுல பையன் மாலை போட்டிருக்கறான், இப்பக் கறி ஆகாதுங்க. ஒரு சாம்பார் சோறு போட்டீங்கன்னாப் போதுமுங்க. நாங்க எட்டுப் பேருதானுங்க.”

வாடகை வாங்குகிறவரிடம் இது அழைப்பு இல்லை, வியாபாரம் என்று எந்த வாயால் சொல்வது? “அவசியம் வந்துடுங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

“எட்டுப் பேருக்குச் சாம்பார் சோறா?” என்றாள் ரோஸ்மேரி.

“நல்ல நாள்ல வீட்டுக்காரம்மா வந்தா உங்கப்பாவுக்கும் ஒரு மரியாதைதானே?”

அடுத்து பினாயிலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வண்டியில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். ஆஃபரில் எடுத்ததைத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடை வாசலிலேயே நின்று நண்பன் அழகுமலைக்குப் போன் போட்டான். அழகுமலை தேனிப் பக்கத்துக்காரன், சாயப்பட்டறையில் வேலை. ஊரில் எது எங்கே மலிவு என்பது அவனுக்கு அத்துப்படி.

“கோழியா? பல்லடத்துல பண்ணைக்கே போப்பா. இப்பக் கடை விலையில பாதிதேன்.”

பண்ணைக்காரர் ஒன்றிரண்டாகத் தர மாட்டேன் என்றார். எடுத்தால் ஒரு கூண்டு, பத்துக் கோழி. சகாயராஜ் பையைக் கவிழ்த்துக் காட்டினான். கொஞ்சம் குறைந்தது. பண்ணைக்காரரின் பார்வை வண்டியில் தொங்கிய பினாயில் மீது விழுந்தது.

“அது என்னங்க, பினாயிலுங்களா? கொட்டாய் கழுவ ஆகுமுங்க.”

சகாயராஜுக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கோழி வீட்டுக்கு, எட்டை லைன் வீடுகளில் கடை விலைக்குத் தள்ளிவிட்டால் போட்ட முதலும் வந்துவிடும், லாபமும் நிற்கும். கூண்டை வண்டியில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் இறகு பறக்க வந்து சேர்ந்தான்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். கறுப்பு வேட்டியும் கழுத்தில் மணிமாலையுமாக ஒருவர் வந்தார். “சாமி சரணம். இப்ப ஆகாதுங்க” என்றார். அடுத்த வீட்டிலும் கறுப்பு வேட்டி. அதற்கடுத்த வீட்டில் காவி வேட்டி. ஏற்றுமதி அவசரத்தில் ஒரு மாதமாகத் தூங்குவதற்கு மட்டுமே வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சகாயராஜ், லைனே சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தான். மாலை போடாத வீடு நான்கே நான்கு. நான்கிலும் தனியாகத் தங்கியிருக்கிற பையன்கள். உயிர்க்கோழியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

அழகுமலைக்கு மறுபடி போன் போட்டான்.

“ஏன்டா, மார்கழியில வாங்க ஆளில்லாமத்தான் கோழி மலிவுன்னு சொல்ல வேண்டாமா?”

“நீ வெலையத்தான கேட்ட? யாரு திம்பான்னு கேக்கலயே. நானே மாலை போட்டிருக்கேன். என்கிட்டப் போயி கோழியப் பத்திப் பேசுற. வை போனை, சாமி சரணம்.”

ரோஸ்மேரி கூண்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

“நான் கோழி வாங்கச் சொன்னேன். பண்ணை வாங்கச் சொல்லலை.”

வேறு இடம் இல்லாததால் கோழிகள் லைனுக்குப் பொதுவான குளியலறையில் தங்கின. விடிந்ததும் வாசலில் வரிசை நின்றது.

“உள்ள யாருப்பா? டூட்டிக்கு நேரமாச்சு!”

“ஆளில்லீங்க, கோழி” என்றான் சகாயராஜ்.

சீக்கிரம் வெட்டிவிட வேண்டியதுதான் என்று மதுரைக்காரன் ராஜபாண்டியின் கறிக்கடைக்கு ஓடினான். மார்கழியில் அங்கே ராஜபாண்டி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“வெளிக்கோழி வெட்டுறதில்லண்ணே.”

“அப்படிச் சொல்லாதப்பா. கூலி…” என்று இழுத்துவிட்டு, கையில் கூலி இல்லாதது ஞாபகம் வந்து நிறுத்தினான்.

“கூலி கெடக்கட்டும்ணே. ஒரு மாசமா யாவாரமும் இல்ல, வீட்டுல ஒரு நல்லது பொல்லதும் இல்ல. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோட சாப்பிட வந்துர்றோம். எங்க அண்ணன் குடும்பமும் வரும், பரவாயில்லைல?”

பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பத்துக் கோழி வெந்தாக வேண்டும். வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் பால் காய்ச்சுகிற குண்டான். அண்டா வாடகைக்கு விடுகிற கடையில் முன்பணம் கேட்டார்கள். அழகுமலையின் பஜனைக் குழுவில் அன்னதானத்துக்கென்று ஒரு அண்டா இருப்பது தெரிந்து, போய்க் கேட்டான்.

“கறி படக் கூடாதுப்பா, சாமி அண்டா” என்றான் அழகுமலை. கொஞ்சம் யோசித்தான். “ஒண்ணு செய்வோம். உங்க வீட்டுக்காரம்மாவுக்குச் சாம்பார் சோறு ஆகணும்ல? அதை நாங்களே எங்க அண்டாவுல செஞ்சு தர்றோம். அவங்க வாசல்லயே வச்சு எங்க சாமிக முப்பது பேரும் சாப்பிட்டுக்கிறோம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு அன்னதானம் ஆச்சுன்னு இருக்கட்டும்.”

தெய்வாத்தாள் சந்தோஷமாக அந்த அரிசி மூட்டையையே எடுத்துக் கொடுத்தார். காய்கறியும் அவரே கொடுத்தார். சகாயராஜ் போனது ஒரு அண்டாவுக்கு. வந்தது முப்பது சாமிகள். பிரியாணிக்கு இன்னமும் பாத்திரம் இல்லை.

மாலை போடாத நான்கு வீட்டுப் பையன்களிடமும் குக்கர் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு அரிசி, ஒரு பங்கு கறி என்று பிரித்துக் கொடுத்தாள் ரோஸ்மேரி. கேஸும் அவர்களுடையது. பையன்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு கூலி வேண்டாம். அவர்களுடைய ஒரிசாக்கார சிநேகிதர்கள் சிலர் வரலாமா என்று மட்டும் கேட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமனார் வாசலில் நின்று நிலைப்படியை ஒரு தரம் பார்த்தார். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். ரோஸ்மேரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சகாயராஜுக்கும் கண் கலங்கிவிட்டது. எப்பாடு பட்டாவது இந்த மனுஷனைச் சந்தோஷமாக அனுப்ப வேண்டும் என்று அப்போது நிஜமாகவே ஆசைப்பட்டான். மாமியார் அதிகம் பேசாதவர். ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் வந்த களைப்பில் மாமனார் படுத்தவர், சாயங்காலம் பஜனைச் சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்தார்.

லைன் முழுக்க மனிதத் தலைகள். ஒரு பக்கம் தெய்வாத்தாள் வாசலில் கறுப்பும் காவியுமாகப் பந்தி. இந்தப் பக்கம் கம்பெனி அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து அதன்மேல் இலை போட்டிருந்தது. குழந்தைகள் வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குக் கீழே ஓடிப் பிடித்து விளையாடின.

மாமனாரை நடுவில் உட்கார வைத்தார்கள். இலையில் பிரியாணி விழுந்தது. ஒரு கரண்டி மஞ்சள், ஒரு கரண்டி சிவப்பு, ஒரு கரண்டி வெளுப்பு. நான்கு குக்கர், நான்கு கை; இரண்டு மட்டும் ஒரே நிறத்தில் வந்திருந்தன. சாயம் போட்ட துணி இப்படிக் கலர் மாறி வந்திருந்தால் சகாயராஜ் பட்டறைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான்.

“என்ன மாப்ள, ஒரே பிரியாணி மூணு கலர்ல இருக்கு?”

“வெரைட்டி மாமா. உங்களுக்காகச் சொல்லிச் செஞ்சது.”

மாமனார் ஒரு வாய் எடுத்துப் போட்டார். தலை லேசாக ஆடியது. ரோஸ்மேரிக்கு மூச்சு வந்தது.

“அரிசி நல்லாத்தான் இருக்கு. என்ன வெல?”

சகாயராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். “கிலோ இருநூத்தம்பது மாமா. விலை பாத்தா முடியுங்களா?”

தம்பியின் மாமனார் வந்திருக்கிறாரே என்று விசாரிக்க வந்து, கறிப் பந்திக்குச் சற்றுத் தள்ளி நின்ற தெய்வாத்தாள் காதில் அது விழுந்தது.

“ஏனுங்க, அதே அரிசியத்தானுங்க தம்பி எங்களுக்கும் ஒரு மூட்டை குடுத்தாரு. மூட்டை மேலயே ‘இலவசம்’னு ஒட்டியிருந்துச்சுங்க. அப்பிடி ஒரு மனசு அவருக்கு!”

மாமனாரின் கை நின்றது. பிறகு மெதுவாக ஒரு கோழிக்காலை எடுத்தது.

“கோழி?”

“நம்ம ராஜபாண்டி கடையில தனியாச் சொல்லி…”

மறுசோறு கொண்டுவந்த ராஜபாண்டி குனிந்தான். “என் கடையா? இல்லய்யா. அண்ணன் பல்லடத்துல பாதி விலைக்குப் புடிச்சிட்டு வந்தாரு. கொறஞ்சதுக்குப் பினாயில் குடுத்தாராம்ல? நம்மள்லாம் அப்படிப் பொழைக்க முடியுமா!”

“பினாயிலா?” என்று மாமனார் கோழிக்காலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“அது வேற கதை மாமா. நீங்க சாப்பிடுங்க.”

“இம்புட்டு ஆளும் யாரு?”

“நம்ம விருந்தாளிங்கதான் மாமா. நல்ல நாள்ல நாலு பேருக்குச் சோறு போடணும்ல?”

எதிர்வாசலிலிருந்து அழகுமலை கையை உயர்த்திக் கும்பிட்டான். “சாமி சரணம்யா! அண்டாவுக்கு வாடகை குடுக்காம இருக்க எங்களக் கூப்பிட்டான். வெட்டுக்கூலி குடுக்காம இருக்க ராஜபாண்டியக் கூப்பிட்டான். கில்லாடிய்யா உங்க மருமகன்!”

பந்தியே சிரித்தது. எல்லோரும் அவனைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். கேட்டுக்குப் பக்கத்தில் போய்த் தனியாக நின்றுகொண்டார்.

ரோஸ்மேரி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டுக்கூட இல்லை. அதுதான் சகாயராஜைச் சுட்டது. கேட்டுக்கு ஓடினான்.

“மாமா, விலை சொன்னதெல்லாம் பொய்தான். கையில காசில்ல. சம்பளம் சனிக்கிழமை. கல்யாணத்துல உங்க மனசு நோகப் பண்ணிட்டேன். இந்தத் தடவையாச்சும் நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் போடணும்னு நெனச்சேன். அது மட்டும் நிஜம். வேணும்னா என்னைத் திட்டிட்டுப் போங்க. ஆனா அவளுக்காக வந்துபோய் இருங்க.”

மாமனார் தொண்டையைச் செருமினார்.

“காலையில முத பஸ்ஸுக்குக் கெளம்புதோம்” என்றார்.

பின்னாலேயே வந்த ரோஸ்மேரிக்கு அழுகை பீறிட்டது.

“நாளைக்கேவா? நியூ இயர் வரைக்குமாவது இருங்கப்பா. அவர் தெரியாம செஞ்சுட்டாரு. இன்னும் கோவம் தீரலியாப்பா?”

மாமனார் எங்கேயோ பார்த்தார். ஐந்து வருஷமாக அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு வந்த அதே முகம். பஜனை நின்றுவிட்டது. ராஜபாண்டி கரண்டியோடு அப்படியே நின்றான். தெய்வாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத மாமியார், மூன்று கலர் பிரியாணியையும் தட்டில் அள்ளிக்கொண்டு மெதுவாக அங்கே வந்து சேர்ந்தார்.

“கோவமா? ஏட்டி, அது கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே போச்சு. போக வர டிக்கெட்டு சேத்து எடுத்தாப் பாதி வெல, ஆனா மறுநாளே திரும்பணும்னு பஸ்காரன் போன வாரந்தான் போட்டான். அதுக்குல்லா இவிய அஞ்சு வருசமாக் காத்துக் கெடந்தாவ!”